ஊமையோடைக்கு ஓய்வு

முழங்கை வரைக்கும் கையைச் சேற்றுக்குள் விட்டால்தான் மட்டி அகப்படும். கண்ணால் தேடிப் பிரயோசனமில்லை. விரல்தான் பார்க்க வேண்டும். கண்டல் மரத்தின் வேர்களுக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே போனால் எங்காவது ஒரு ஓடு நெருடும். மட்டியாக இருந்தால் அதிர்ஷ்டம். முள்மீனாக இருந்தால் கை பூசணிக்காயாக வீங்கி, காய்ச்சலில் புரண்டுகொண்டு கிடக்க வேண்டியதுதான். எலோடியா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து சான் உர்பானோ ஊரின் ஓடைச் சேற்றில் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு கடல் வற்றியிருக்கும் நேரம் பாதி முடிந்தும் இடுப்பில் கட்டியிருந்த கூடைக்கு அடி நிறையவில்லை.

"பெத்சபே... ஓஓய்!" என்று குரல் கொடுத்தாள்.

"இருக்கேன் மதினி... ஓஓய்!" என்று வேர்க்கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. அதற்கு முன்பே சுருட்டுப் புகை வந்துவிட்டிருந்தது.

காட்டுக்குள் போகிற பெண்கள் இப்படிக் கூப்பிட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போவார்கள். குனிந்த தலை நிமிராத வேலை. கடல் ஏறத் தொடங்கினால் யாருக்காகவும் நிற்காது. அதனால் நினைத்துக்கொண்டு நினைத்துக்கொண்டு ஒருத்தி கூப்பிட, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். எல்லாக் குரலும் வந்து சேர்ந்த பிறகுதான் தோணியை அவிழ்ப்பார்கள். ஒரு குரல் குறைந்தாலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்துவார்களே தவிர, கயிற்றைத் தொடமாட்டார்கள்.

பெத்சபே வேர்களில் தாவித் தாவி வந்து சேர்ந்தாள். செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டை, கிழிந்த கால்சராய், முகமெல்லாம் சேறு. எலோடியாவின் கணவன் ஓல்கெருக்குத் தங்கை அவள். சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துத்தான் புகைப்பாள். மழையில் அணையாது, இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது சாம்பலும் தட்ட வேண்டாம்.

"அந்தக் கருமத்தைத் துப்பித் தொலையேண்டி. மட்டியெல்லாம் இருமுது" என்றாள் எலோடியா.

பெத்சபே சுருட்டை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். "இருமுனாலாச்சும் எங்க இருக்குன்னு தெரியுமில்ல? இங்க ஒண்ணையும் காணோம். கூடையைக் காட்டு பாப்போம். அய்யய்ய, இதைக் கொண்டு போயி யாருக்கு விக்கப் போற, பூனைக்கா?"

"உன் கூடையில மட்டும் என்ன ரொம்பி வழியுதாக்கும்."

"என்னுது உன்னைவிட ரெண்டு கூட." பெத்சபே கூடையைச் சாய்த்தாள். எலோடியா பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரல் மேல் வைத்தாள். மட்டி விரல்கணுவைத் தொடவில்லை. அதைச் சேற்றுக்குள் அழுத்திவிட்டாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"ஏய் மதினி! அது என் புள்ளையோட பாவாடை! இதையெல்லாம் நீ புதைச்சா நான் எதைத் துணியாக்குவேன்?"

"வளரட்டும்டி. குஞ்சைத் தின்னுட்டு நாளைக்கு யார்கிட்டப் போயி நிப்ப?"

"நாளைக்கு, நாளைக்கு. உனக்கு எப்பவும் நாளைக்குத்தான்" என்றாள் பெத்சபே. ஆனால் கூடையைப் பிடுங்கவில்லை. எலோடியா சொன்னால் பெத்சபே கேட்பாள். ஊரில் எல்லாரும் ஓரளவுக்குக் கேட்பார்கள். பெத்சபே திட்டிக்கொண்டே முழுசாகக் கேட்பாள்.

அப்புறம் அவள் குரலைத் தணித்துச் சொன்னாள்: "குவயாகில் பட்டணத்துலேருந்து மறுபடி சொல்லி அனுப்பிருக்காங்க மதினி. சமையலுக்கு ஆள் வேணுமாம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் குடுப்பாங்களாம். லிஸ்பெத்துக்குக் கன்னிகாஸ்திரி பள்ளிக்கூடத்துல இன்னும் எவ்வளவோ கட்டணும். நான் என்ன பதில் சொல்ல?"

எலோடியாவுக்குக் குழந்தை இல்லை. பெத்சபேயின் மகள் லிஸ்பெத் இரண்டு பேர் மடியிலும் வளர்ந்த பெண். இப்போது எஸ்மெரால்டாஸ் நகரத்தில் விடுதியில் இருந்து படிக்கிறாள். அவள் போனபோதே வீடு பாதி காலியாகிவிட்டது. பெத்சபேயும் போய்விட்டால் அந்த வீட்டில் ஓல்கெரும் அவனுடைய குறட்டையும்தான் மிச்சம்.

"பாஸ்காத் திருநாள் வரைக்கும் பொறுன்னு சொன்னேன்ல? பொறு. இன்னும் எத்தனை நாளு? ஊமையோடையைத் திறந்துட்டா நீ கையை விட்டு அள்ளலாம். சமையல்காரி வேலைக்கு நான் வேற யாரையாவது பிடிச்சுத் தாரேன்."

"அள்ளுவேனா?"

"அள்ளுவ. அள்ளலைன்னா நானே உன்னைப் பஸ் ஏத்தி விடுறேன்."

"ஏத்தி விடுவியாக்கும். பஸ்ஸுக்கு முன்னால படுத்துக்குவ நீ" என்று சிரித்துவிட்டு பெத்சபே மறுபடி நெருப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

ஊமையோடை என்று பெயர் வந்ததற்குக் காரணம், அங்கே அலைச் சத்தமே கேட்காது என்பதுதான். ஆற்றுவாயிலிருந்து உள்ளே வளைந்து வளைந்து போகும். மரங்கள் இரண்டு பக்கமும் மேலே கூடி நிற்கும். சான் உர்பானோவின் நல்ல மட்டியெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. பக்கத்து ஓடைகளை எல்லாம் இறால் பண்ணைக்காரர்கள் ஒவ்வொன்றாக வளைத்துப் போட்ட பிறகு, கூட்டமெல்லாம் அங்கேயே போய் விழுந்தது. மட்டி சிறுத்தது. பிறகு அருகியது.

அப்போதுதான் அமைச்சகத்திலிருந்து மீன்வளத்துக்காரி ஒருத்தி வந்து, பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுப் பேசினாள். காட்டை வெட்டக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறதாம். ஓடைக்கு ஒரு வருஷம் ஓய்வு கொடுத்தால் மட்டி தழைத்துவிடுமாம். நீங்களே சங்கம் வைத்துப் பார்த்துக்கொண்டால் காட்டை உங்கள் பொறுப்பிலேயே விடுவோம், ஆனால் நாங்கள் வந்து சோதிப்போம், ஓய்வுக்காலத்தில் யாராவது உள்ளே போனது தெரிந்தால் எல்லாம் ரத்து என்றாள். நல்ல பெண்தான். பொய் சொல்கிறவள் மாதிரி தெரியவில்லை. பொய் சொல்லவும் இல்லை.

பெண்களில் பாதிப் பேருக்கு மனமில்லை. ஒரு வருஷம் வாயைக் கட்டுவது லேசா? பெத்சபேதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். எலோடியா வீடு வீடாகப் போய்ப் பேசினாள். கஞ்சியோ கூழோ, ஒரு வருஷம் சின்ன ஓடைகளில் பொறுக்கித் தின்போம், அப்புறம் நம் காலம் என்றாள். போன பாஸ்காவுக்கு மறுநாள் ஊமையோடையை அடைத்தார்கள். ஓடைவாயில் அரசாங்கம் ஒரு பலகை நட்டது: இந்தக் காடு நாட்டின் சொத்து, வெட்டுவோர் தண்டிக்கப்படுவர். அதற்குக் குழி தோண்டிக் கொடுத்தவன் ஓல்கெர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மற்ற ஊர்ப் பெண்கள் திருட்டுத்தனமாக நுழைந்துவிடுவார்களே என்று எலோடியாவுக்கு ஒரு பயம். தோணி கட்டுகிற முளைகளையெல்லாம் பிடுங்கி எடுக்கச் சொன்னாள். சேற்றில் மிதித்துப் போகப் போட்டிருந்த மரத்துண்டுகளை எடுத்துவிட்டார்கள். கொசுவுக்குப் புகைபோடத் தேங்காய் மட்டை அடுக்கி வைக்கிற பரண் ஒன்று இருந்தது; அதையும் பிரித்தார்கள். ஓடைவாயில் கிளைகளை இழுத்துப் போட்டார்கள். முடித்துவிட்டுத் தோணியில் இருந்து பார்த்தபோது, மனுஷ வாடையே படாத இடமாகத் தெரிந்தது. பெண்கள் தாங்கள் செய்த வேலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

மாதா திருநாள் முடிந்த வாரத்தில் ஒரு இஞ்சினியர் வந்தார். இளம் வயசு, மரியாதையான பேச்சு. எலோடியாவுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது: சோதிக்க வந்திருக்கிறார். உட்காரவைத்து, தேங்காய்ப்பாலில் மட்டி போட்டு, சில்லாங்குவாத் தழை கிள்ளிப் போட்டுக் குழம்பு வைத்து, வாழைக்காய் உருண்டையோடு பரிமாறினாள். வீட்டில் இருந்த மட்டியே அவ்வளவுதான். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்:

"அந்த வளைவு ஓடை இருக்கே, அதுக்குள்ள யாராச்சும் போய் வர்றாங்களாம்மா?"

"ஊமையோடைக்கா? ஒரு ஈ காக்கா போறதில்லைங்க."

"நிச்சயமா? மட்டி பொறுக்க, விறகுக்கு, எதுக்குமே?"

"எதுக்குமே கிடையாது. எங்க ஊர் ஆளு ஒருத்தர் காலு அதுல படலை. வேணும்னா போய்ப் பாருங்கய்யா. ஒரே ஒரு கால்தடம் காட்டிட்டீங்கன்னா என் காதை அறுத்துக்குறேன்."

அவர் போய்ப் பார்த்தார். காதை அறுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. திரும்பி வந்து கைகுலுக்கி நன்றி சொன்னார். அன்றைக்கு மாலை எலோடியா நடந்த நடையே வேறு. கிணற்றடியில் எல்லாரிடமும் சொன்னாள். "சோதனையில தேறிட்டோம்டி" என்றாள்.

தவக்காலத்தின் கடைசி வாரத்தில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, ஓல்கெர் வலையோடு போனவன் மீன் இல்லாமல் சீக்கிரமே திரும்பி வந்தான். பேச்சு குறைவான மனுஷன். வாசற்படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான்.

"என்ன, கடல்ல மீனெல்லாம் தவம் இருக்கா?" என்று பெத்சபே அடுப்பிலிருந்து கேட்டாள்.

"ஆத்துல ஒரு பெரிய மிதவை போகுது. அதுமேல மஞ்சள் மிஷினு. ரெண்டு" என்றான் ஓல்கெர்.

"எங்குட்டுப் போகுது?"

"மேக்க."

எலோடியா வாழைக்காயை இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை. "மேக்கன்னா அந்தப் பழைய பண்ணைக்காயிருக்கும். கரை உடைஞ்சு கெடக்குல்ல."

"பழைய பண்ணையத் தாண்டிப் போயிருச்சு."

"தாண்டிப் போனா?"

ஓல்கெர் துண்டைப் பிழிந்தான்.

"ஊமையோடைப் பக்கம் போக முடியாது. பலகை இருக்கு. நீதானே குழி தோண்டுன? சட்டம் இருக்குய்யா. பெரிய எழுத்துல எழுதி வச்சிருக்கு" என்றாள் எலோடியா.

"மிஷினுக்குப் படிக்கத் தெரியுமா மதினி?" என்று பெத்சபே கேட்டாள். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை.

மழை விடுகிற வரை யாரும் பொறுக்கவில்லை. இடித்த வாழைக்காயை அப்படியே மூடிவைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். இவர்கள் மூன்று பேரும் ஒரு தோணி. விஷயம் கேள்விப்பட்ட பெண்கள் பின்னால் வேறு தோணிகளில். ஆற்றில் கலங்கல் தண்ணீர் கட்டைகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. பெத்சபே துடுப்பு போட்டாள். எலோடியா தோணியின் மூக்கில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே வந்தாள். பேச்சை நிறுத்தினால் வேறு சத்தம் காதில் விழுந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

"வேற எங்கயாவதுதான் இருக்கும். பாரு, போய் நின்னுட்டுச் சிரிச்சுக்கிட்டுத் திரும்பி வரப்போறோம். பாஸ்காவுக்கு முன்னாலயே ஓடையைப் பாத்த மாதிரி ஆச்சு. தண்ணியிலருந்து பாக்கலாம், காலு வைக்காமப் பாத்தா தப்பில்ல..."

"மதினி" என்றாள் பெத்சபே. "கேக்குது."

பிறகு எல்லாருக்கும் கேட்டது. ஊமையோடையிலிருந்து அவ்வளவு சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை.

வளைவைத் திரும்பியபோது ஓடைவாய் இல்லை. இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கும் மேலே சேற்றுக்கரை எழும்பியிருந்தது. நாலைந்து நாளாகவே வேலை நடந்திருக்க வேண்டும். இன்றைக்கு வந்தது கூடுதல் மிஷின்கள்தான். இந்தப் பக்கம் ஆறு பெருகி ஓடுகிறது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இல்லை. மரங்களை வேரோடு சாய்த்து ஓரத்தில் குவித்திருந்தார்கள். கண்டல் மரத்தை வெட்டினால் உள்ளே சிவப்பாகத்தான் இருக்கும். மழையில் அந்தச் சிவப்பு கரைந்து சேற்றில் ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்கப் பலகையை யாரும் பிடுங்கவில்லை. அது நேராக நின்றது. மிஷின் ஓட்டுகிறவன் தன் சட்டையை அதில் மாட்டியிருந்தான்.

எலோடியா தோணி தரைதட்டும் முன்பே குதித்துவிட்டாள். கரைமேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றவர் அதே இஞ்சினியர். அவளை அடையாளம் தெரிந்து அவரே இரண்டடி இறங்கி வந்தார்.

"எலோடியா அம்மாதானே? வாங்க. உங்க குழம்பை எங்க வீட்ல கூடச் சொன்னேன்."

"ஐயா, இது ஊமையோடை" என்றாள் எலோடியா. அவருக்கு இடம் தவறிப்போயிருக்கும் என்று அவள் உண்மையாகவே நினைத்தாள். "இது எங்களுது. மிஷின்காரன் தெரியாம வந்துட்டான் போலருக்கு. நிறுத்தச் சொல்லுங்க."

"தெரியாம இல்லம்மா. அனுமதி குடுத்தாச்சு. இறால் பண்ணைக்கு."

"காட்டை வெட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கே!"

"இருக்கு, இல்லைன்னு சொல்லல. சனங்க பொழைக்கிற காட்டை யாருக்கும் குடுக்கக் கூடாது. யாருமே போகாத இடம்னா பண்ணைக்கு விடலாம். அதுவும் சட்டத்துலயே இருக்கு."

"நாங்கதானய்யா போறோம்! என் மாமியா போனா, அவ மாமியா போனா..."

இஞ்சினியர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அம்மா, நான் ஊருக்கே வந்து கேட்டேன். ஒரு ஈ காக்கா போறதில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. நானும் உள்ள போய்ப் பாத்தேன். ஒரு முளை இல்ல, ஒரு தடம் இல்ல."

பின்னால் வந்த பெண்கள் சேற்றில் நடப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஓய்வு விட்டிருந்தோம்யா" என்றாள் எலோடியா. "உங்க ஆளுங்கதான் விடச் சொன்னாங்க. நீங்க அதைத்தான் சோதிக்க வந்தீங்கன்னு..."

"அது மீன்வளத்துக்காரங்கம்மா. நாங்க நிலம் பாக்குறவங்க. வேற ஆபீஸ்."

"ரெண்டும் ஒரே அரசாங்கம்தானே?"

அவர் கீழே பார்த்தார். "நீங்க மனு குடுங்க. நானும் சொல்றேன்" என்றார். நல்ல மனுஷன்தான். அவருக்கு அதற்கு மேல் செய்ய எதுவும் இருக்கவில்லை, செய்யவும் இல்லை.

எலோடியா திரும்பினாள். பெத்சபே அவளுக்கு நேர் பின்னால் நின்றிருந்தாள். சுருட்டு அணைந்து கையில் இருந்தது.

"காதை அறுத்துக்குறேன்னியே மதினி" என்றாள் பெத்சபே. "நாக்கை அறுத்திருந்தா நல்லாருந்திருக்கும்."

இத்தனை வருஷத்தில் அவள் எலோடியாவை எவ்வளவோ திட்டியிருக்கிறாள். இது திட்டு இல்லை. எலோடியா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பண்ணைக் காவலுக்குத் துப்பாக்கியோடு நின்றவன் பக்கத்து ஊர்க்காரன். அவன் தாயும் மட்டி பொறுக்கியவள்தான். இஞ்சினியர் படகேறிப் போன பிறகு அவன் இவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "முதலாளி சாயங்காலம்தான் வருவாரு. உள்ள கடத்தண்ணி இல்லாமத்தான் கெடக்கு. வேணும்னா எடுத்துக்குங்க. எப்படியும் சாகத்தான் போகுது."

கரையைத் தாண்டி இறங்கினார்கள். கடல் தண்ணீர் வராமல், மிஷின் மிதித்து, சேறு மேலே இறுகிப் போயிருந்தது. நாற்றம் தொடங்கியிருந்தது. பழக்கத்தில் எலோடியா கையை வேருக்கு அடியில் விட்டாள். விட்ட கை உடனே நின்றது. இன்னொரு பக்கம் விட்டாள். எங்கே விட்டாலும் மட்டி. வெளியே எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையை அடைத்துக்கொண்டு இருந்தது, கருகருவென்று, கனமாக. அவ்வளவு பெரிய மட்டியை அவள் மாமியார் காலத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

ஓய்வு பலித்திருந்தது. மீன்வளத்துக்காரி சொன்ன மாதிரியே பலித்திருந்தது.

கூடைகள் நிறைந்தன. கூடை போதாமல் தலைத்துணிகளை விரித்துக் கட்டினார்கள். சில மட்டிகள் வாய் பிளந்து செத்திருந்தன. ஒரு கிழவி அழுதுகொண்டே பொறுக்கினாள், அழுகைக்காகக் கையை நிறுத்தவில்லை. எலோடியா எடுத்ததில் ஒன்று சின்னது. கட்டைவிரலில் வைத்துப் பார்த்தாள், கணுவைத் தொடவில்லை. கை தானாகவே அதைச் சேற்றுக்குள் அழுத்தியது.

பெத்சபே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து குனிந்து, அந்தச் சின்ன மட்டியைத் தோண்டி எடுத்து, எலோடியாவின் கூடையில் போட்டாள்.

"இங்கன இனிமே எது வளரப் போகுது?" என்றாள். கோபம் அதில் இல்லை. களைப்புதான் இருந்தது.

அன்றைக்குச் சான் உர்பானோவில் எல்லா வீட்டிலும் தேங்காய்ப்பால் கொதித்தது. தெரு முழுக்க விருந்து வாசம். பெத்சபேதான் சமைத்தாள். மட்டி கொழுத்துத் தித்தித்தது. ஓல்கெர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கரண்டியால் குழம்பைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"சாப்பிடுண்ணே. ஒரு வருசம் பட்டினி கெடந்து வளத்தது" என்றாள் பெத்சபே.

எலோடியா தன் தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

பாஸ்கா முடிந்ததும் எலோடியாவும் ஓல்கெரும் எஸ்மெரால்டாஸுக்குப் பஸ்ஸில் போனார்கள். நிலத்துக்காரர்கள் மீன்வளத்துக்கு அனுப்பினார்கள். மீன்வளத்தில் அந்தப் பெண்ணை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இருந்தவர் காடு சம்பந்தமான விஷயம் என்று காட்டிலாகாவுக்கு அனுப்பினார். காட்டிலாகாக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்டல் காடு இருக்கிற இடத்துக்குத்தான் கண்டல் காட்டுச் சட்டம் செல்லும் என்றார். இப்போது அங்கே மரம் இல்லை அல்லவா, அதனால் அது அவர் கைக்கு வராது. வேண்டுமானால் வேறு எங்காவது நட நாற்று தருகிறேன் என்றார். ஓல்கெர் வெளியே வந்து காறித் துப்பினான். அவன் அவ்வளவு நீளமாக யாரைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது பெத்சபே மூட்டை கட்டியிருந்தாள். எலோடியா தடுக்கவில்லை, தடுக்கிற வாய் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பஸ் நிற்கிற ஊருக்குப் படகு புறப்படும் துறை வரைக்கும் மூட்டையை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

"பஸ் ஏத்தி விடுறேன்னு சொன்னேன்ல. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்" என்றாள்.

பெத்சபே அவளையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்த சுருட்டுக் கட்டில் பாதியைப் பிரித்து எலோடியாவின் கையில் திணித்தாள்.

"எனக்கெதுக்குடி இது? எனக்குப் பழக்கமில்ல."

"கொசுவுக்கு. நான் பக்கத்துல இல்லைன்னா உன்னைத் தின்னுரும். அங்க அடுப்படியில குடிக்க விட மாட்டாங்களாம், சொல்லிட்டாங்க." படகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இன்னொன்று சொன்னாள்: "அன்னைக்கு அப்படிச் சொல்லிருக்கக் கூடாது மதினி."

"நீ சொன்னது சரிதான்."

"சரிதான். ஆனாலும் சொல்லிருக்கக் கூடாது."

படகு வளைவைத் திரும்பும்வரை எலோடியா நின்றாள். பிறகும் நின்றாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் ஊமையோடை சதுரம் சதுரமாகத் தண்ணீர் தேங்கிய பண்ணையாகிவிட்டது. ராத்திரியெல்லாம் பண்ணைக் காவல் நாய்கள் குரைத்தன. ஊர்ப் பெண்களில் பலர் அந்த முதலாளியின் கொட்டகைக்கே இறால் தலை கிள்ளப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எலோடியாவுக்கு மனம் வரவில்லை. அவள் மட்டும் தோணியை எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த சின்ன ஓடைக்குப் போய்வந்தாள். சுருட்டின் நெருப்பை வாய்க்குள் வைக்கப் பழகியிருந்தாள். முதலில் நாக்கு சுட்டது, அப்புறம் மரத்துப்போயிற்று.

ஒருநாள் அப்படிக் குனிந்திருந்தபோது மோட்டார் படகுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். சின்ன ஓடைக்குள் ஒரு படகு நுழைந்து நின்றது. வேறொரு இளைஞன், அதே மாதிரி மழைக்கோட்டு, அதே மாதிரி மரியாதை. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"வணக்கம்மா. இந்த ஓடைக்கு யாராச்சும் வர்றாங்களா?"

எலோடியா சுருட்டைத் துப்பினாள்.

"வர்றோம்" என்றாள். "எல்லாரும் வர்றோம். ஊரே இங்கதான் வருது. தினமும் வர்றோம்."

அவன் சுற்றிலும் பார்த்தான். வேர்களும் நண்டுகளும்தான் தெரிந்தன. ஒற்றைத் தோணி கட்டிக் கிடந்தது. "உங்களைத் தவிர யாரையும் காணோமேம்மா."

"இருக்காங்க. உள்ள இருக்காங்க. வேலைன்னு குனிஞ்சா நிமிர மாட்டாளுக." எலோடியா திரும்பி, சேறு அப்பிய இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள். "பெத்சபே... ஓஓய்!"

அந்தக் குரல் மரங்களுக்குள் போயிற்று. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இளைஞனும் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்டான்.

"கொஞ்சம் தூரமாப் போயிட்டா" என்றாள் எலோடியா. "காது கேக்கல அவளுக்கு. இப்ப சொல்லுவா. நீங்க இருங்க தம்பி, கேட்டுட்டுப் போங்க."

அவன் இருந்தான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். கடல் ஏறத் தொடங்கிவிட்டது. தண்ணீர் அவள் தொடையைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. கூடையிலிருந்த இரண்டு மூன்று மட்டிகள் அதில் நனைந்தன. தோணிக் கயிற்றை அவள் தொடவில்லை. மறுபடியும் கைகளைக் குவித்து, முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாள்.